பிரேக் பெடல் இறங்கினால் எடுத்தவுடன் ஏர் எடுக்காதீர்கள்

பெடல் அமுங்குகிறது என்றதும் பெரும்பாலும் நடப்பது இதுதான்: பிரேக் ஆயில் ஊற்றி, நான்கு வீலிலும் ஏர் எடுத்து (லைனில் சிக்கிய காற்றை வெளியேற்றி), வண்டியைக் கொடுத்துவிடுவார்கள். காற்றே காரணமாக இல்லாதபோது சில நாளில் பெடல் பழையபடி இறங்கிவிடும். ஸ்பேனரைத் தொடுவதற்கு முன் காலால் பார்க்க வேண்டியவை இருக்கின்றன.

வீலுக்குக் கட்டை வையுங்கள். இன்ஜினை அணைத்துவிட்டு, பூஸ்டரில் (மிதிக்கும் பலத்தைக் கூட்டித் தரும் பாகம்) உள்ள வேக்கம் தீர பெடலை ஐந்தாறு முறை மிதியுங்கள். பிறகு அழுத்திப் பிடித்தபடி அரை நிமிடம் இருங்கள். ஸ்பிரிங் மாதிரி மெத்தென்று இருந்தால் லைனில் காற்று, அல்லது உப்பிய பழைய ஹோஸ். முதல் மிதியில் ஆழமாகப் போய், அடுத்தடுத்த மிதியில் உயர்ந்து கெட்டியாக நின்றால் பின் டிரம்மில் ஷூ இடைவெளி அதிகம். அதற்கு வேண்டியது அட்ஜஸ்ட்மென்ட். பிடித்த காலின் கீழேயே பெடல் மெல்ல நழுவினால் வெளியே எங்கோ ஒழுகுகிறது, அல்லது பெடலின் அழுத்தத்தை ஆயிலுக்குக் கொடுக்கும் மாஸ்டர் சிலிண்டர் பழுதாகிவிட்டது.

பலமாக மட்டும் மிதித்துப் பார்ப்பதும் தவறு. தேய்ந்த மாஸ்டரின் பிஸ்டனில் உள்ள ரப்பர் கப், அழுத்தம் கூடும்போது சுவரோடு ஒட்டிப் பிடித்துக்கொள்ளும். சிக்னலில் நிற்கும்போது மிதிப்பதுபோல் லேசாக மிதித்தால்தான் சில மாஸ்டர்கள் நழுவும். இரண்டு விதமாகவும் பாருங்கள்.

பெடலில் கால் வைத்தபடி இன்ஜினை ஸ்டார்ட் செய்தால் பெடல் சற்று இறங்கும். அது பூஸ்டர் ஒழுங்காக வேலை செய்வதன் அடையாளம். இதைக் கோளாறு என்று நினைத்து நல்ல மாஸ்டரைக் கழற்றிவிடாதீர்கள்.

‘ஆயில் குறையவில்லை, அதனால் லீக் இல்லை’ என்ற முடிவுதான் எல்லாவற்றிலும் ஆபத்தானது. கப்பின் விளிம்பு தேய்ந்தால் ஆயில் அதைத் தாண்டி ரிசர்வாயருக்கே திரும்பிவிடும். ஒரு சொட்டுகூட வெளியே வராது. ஆயில் குறைந்தும் வீல்களில் ஈரமே இல்லையென்றால், மாஸ்டரும் பூஸ்டரும் சேரும் இடத்தின் அடிப்பக்கத்தைப் பாருங்கள். பெயின்ட் உப்பி உரிந்திருந்தால், பின் சீல் வழியாக ஆயில் பூஸ்டருக்குள் இறங்குகிறது.

காற்றுதான் என்று உறுதியானால் மட்டும் ஏர் எடுங்கள். அப்போதும் பழைய வண்டியில் பெடலைத் தரை வரை மிதிக்கக் கூடாது. பிஸ்டன் வழக்கமாகப் போகாத ஆழத்தில் சிலிண்டர் சுவர் துருப்பிடித்துச் சொரசொரப்பாக இருக்கும். கப் அதில் உரசிக் கிழியும். பெடலுக்கு அடியில் ஒரு மரக்கட்டை போட்டால் போதும். எவ்வளவு எடுத்தும் குமிழி நிற்கவில்லையா? வீலில் டிஸ்க்கைப் பிடிக்கும் காலிப்பர்கள் இடவலம் மாறி மாட்டப்பட்டிருக்கலாம். காற்றை வெளியே விடும் நிப்பிள் மேலே இருக்க வேண்டும்; கீழே இருந்தால் மேலே தங்கிய காற்று வெளியே வர வழியே இல்லை. ஏபிஎஸ் யூனிட்டுக்குள் காற்று போயிருந்தால் பல வண்டிகளில் ஸ்கேனர் போட்டுத்தான் எடுக்க முடியும்.

ஆயில் விஷயத்தில் மூடியில் எழுதியிருப்பதை மட்டும் ஊற்றுங்கள். டாட் 3, டாட் 4 வகை பிரேக் ஆயில்கள் ஈரத்தை உறிஞ்சும். புதிய டாட் 4 குறைந்தது 230 டிகிரி வரை கொதிக்காது, ஈரம் ஏறியபின் அந்த வரம்பு 155 ஆகிவிடும். மலை இறக்கத்தில் மட்டும் பிரேக் சூட்டில் ஆயில் கொதித்து பெடல் மெத்தென்றாவதற்கு இது ஒரு காரணம். இன்ஜின் ஆயில் கொஞ்சம் கலந்தாலும் ரப்பர்கள் ஊதிவிடும். பிறகு எல்லா சீலையும் மாற்ற வேண்டியதுதான்.

நழுவும் பெடலோடு ஒர்க்‌ஷாப் வரை ஓட்டிப் போக வேண்டாம், வேறு வண்டியில் ஏற்றிக்கொண்டு போங்கள்.