கேஸ் கீசர் வாங்கும்முன் சுவரைப் பாருங்கள்: குமரி மாவட்ட வீடுகளில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கேஸ் கீசர் வாங்கப் போகிறவர்கள் கடையில் முதலில் கேட்பது லிட்டர் கணக்கும் விலையும்தான். அதற்கும் முன்னால் முடிவாக வேண்டியது, அதை எந்தச் சுவரில் மாட்டப்போகிறோம் என்பது. இடம் தவறினால் எந்தக் கம்பெனி கீசரும் ஆபத்துதான்.

பாத்ரூமுக்குள் மாட்டுவதுதான் எல்லாவற்றிலும் பெரிய தவறு. கீசருக்குள் எரிவது அடுப்புத் தீ போன்ற நிஜத் தீ. அடைத்த அறையில் ஆக்சிஜன் குறையக் குறைய வாயு அரைகுறையாக எரிந்து கார்பன் மோனாக்சைடு உண்டாகும். சிலிண்டர் கசிந்தால் மூக்குக்குத் தெரியட்டும் என்று வாயுவில் நாற்றப் பொருள் சேர்க்கிறார்கள். கார்பன் மோனாக்சைடுக்கோ மணமும் இல்லை, நிறமும் இல்லை. ரத்தத்தில் ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கு மேல் இறுக்கமாக அது ஒட்டிக்கொள்ளும். தலை கனக்கும், குமட்டும், கால் தளரும். தாழ்ப்பாளைத் திறக்கும் முன்பே ஆள் விழுந்துவிடலாம். நம் மாவட்டத்தில் இரண்டு பருவமழையும் பெய்கிறது. சாரலுக்குப் பயந்து வென்டிலேட்டரை அடைக்கும் அதே நாட்களில்தான் வெந்நீரும் அதிகம் தேவைப்படுகிறது. அதனால் எச்சரிக்கை இங்கே கூடுதலாகவே வேண்டும்.

"எக்ஸாஸ்ட் ஃபேன் இருக்கிறதே" என்பார்கள். அடைத்த அறையில் அது காற்றை வெளியே இழுக்கும்போது, கீசரின் புகைக்குழாய் வழியே போக வேண்டிய புகையும் உள்ளே திரும்பி வரலாம். 20 நிமிடத்தில் தானாக அணையும் கீசர்கள் உண்டு. அணைந்ததும் குழாயை மூடித் திறந்து மறுபடி எரிய விட்டால் அந்தப் பாதுகாப்புக்கு அர்த்தமே இல்லை.

வெளிச்சுவரில், சன்ஷேடுக்குக் கீழே மாட்டி, வெந்நீர்க் குழாயை மட்டும் உள்ளே கொண்டுவாருங்கள். ஆரல்வாய்மொழி, தோவாளைப் பக்கம் ஆனி ஆடியில் மேல்காற்று பலமாக வீசும். அங்கே மேற்குச் சுவரில் மாட்டினால் தீ அடிக்கடி அணையும். காற்றைத் தடுக்க நாலு பக்கமும் பெட்டி அடித்து மூடினால் பழைய ஆபத்தே திரும்பி வரும். குளச்சல், முட்டம் போன்ற கடலோர ஊர்களில் உப்புக்காற்று முதலில் அரிப்பது பேட்டரி முனைகளையும் திருகாணிகளையும். துருப்பிடிக்காத ஸ்டீல் உடல் உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள். பேட்டரிப் பெட்டியை மாதம் ஒருமுறை திறந்து துடையுங்கள்.

அடுத்தது தண்ணீர் அழுத்தம். வாங்கி மாட்டியபின் "எரியவே இல்லை" என்று வரும் புகார்களுக்கு இதுவே பெரும்பாலும் காரணம். தண்ணீர் போதிய வேகத்தில் வந்து உள்ளிருக்கும் டயஃப்ரம் என்ற ரப்பர் தகட்டைத் தள்ளினால்தான் சுவிட்ச் விழும். ஒரு மீட்டர் உயரத்துக்கு ஏறத்தாழ 0.1 பார் (bar, அழுத்தத்தை அளக்கும் அலகு) அழுத்தம் கிடைக்கும். பல மாடல்களுக்கு 0.2 முதல் 0.25 பார் வேண்டும். அதாவது டேங்கின் அடிப்பாகம் கீசருக்கு மேலே இரண்டரை மீட்டராவது இருக்க வேண்டும். மாடி பாத்ரூமுக்கு நேர் மேலே தளத்தில் டேங்கை வைத்த வீடுகளில் இது கிடைக்காது. டேங்கில் கால்வாசித் தண்ணீர் இருக்கும்போது, அந்தக் குழாயில் 10 லிட்டர் வாளியைப் பிடித்துப் பாருங்கள். நிரம்ப இரண்டு நிமிடத்துக்கு மேல் ஆனால், டேங்குக்கு ஸ்டாண்டோ பிரஷர் பம்போ தேவைப்படும். குழாயைத் திறந்தும் தீப்பொறி தட்டும் 'டிக் டிக்' சத்தமே கேட்கவில்லை என்றால் முதலில் தண்ணீர் அழுத்தத்தையும், நுழைவாயில் சல்லடையில் மண் அடைத்திருக்கிறதா என்பதையும் பாருங்கள். சத்தம் பலவீனமாகக் கேட்டுத் தீ பிடிக்கவில்லை என்றால் பெரும்பாலும் இரண்டு பெரிய டார்ச் பேட்டரிகளின் குறை. சிலிண்டர் தீர்ந்திருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள்.

லிட்டர் கணக்கில் அதிகம் குழம்ப வேண்டாம். நிமிடத்துக்கு 6 லிட்டர் கீசர் இங்கே ஒரு பாத்ரூமுக்குத் தாராளம். நம் ஊர்த் தண்ணீரை 15 டிகிரி சூடேற்றினால் போதும். அப்படி 20 லிட்டர் வாளி ஒன்றுக்கு ஏறத்தாழ 30 கிராம் வாயுதான் செலவாகும். குழாய்வழி எரிவாயுவுக்கான மாடலைச் சிலிண்டரில் மாட்டக் கூடாது. இரண்டுக்கும் வாயு வரும் ஜெட் துளையின் அளவு வேறு. ஐ.எஸ்.ஐ. முத்திரையோடு ஐ.எஸ். 15558 என்ற எண் இருக்கிறதா என்று பாருங்கள்.

அடுப்பு டியூபில் 'டி' (T) இணைப்பு போட்டு கீசருக்கு இழுப்பது இன்னொரு கெட்ட பழக்கம். தனிச் சிலிண்டரும் தனி ரெகுலேட்டரும் வையுங்கள். டியூப் கம்பி வலையிட்ட சுரக்ஷா வகையாகவும் ஒன்றரை மீட்டருக்கு மிகாமலும் இருக்கட்டும். 5 ஆண்டில் மாற்றிவிட வேண்டும். சிலிண்டர் வாயு காற்றைவிடக் கனமானது, கசிந்தால் தரையோடு தங்கும். ஆகவே சிலிண்டரைப் பள்ளத்திலோ மாடிப்படிக்கு அடியில் அடைத்த மூலையிலோ வைக்காதீர்கள்.

மாட்டி முடித்ததும் இணைப்புகளில் சோப்பு நுரை தடவிக் குமிழி வருகிறதா என்று பாருங்கள். தீ நீலமாக எரிய வேண்டும். மஞ்சளாக எரிந்தாலோ மேல்பக்கம் கரி படிந்தாலோ, பர்னரில் தூசியோ சிலந்திக் கூடோ அடைத்திருக்கலாம். மெக்கானிக் வந்து சுத்தம் செய்யும்வரை அதை எரிய விடாதீர்கள்.