முதல் இஞ்சி பீரில் செய்யக் கூடாத தவறுகள்

போன ஞாயிற்றுக்கிழமை காலை, எங்கள் பெரம்பூர்த் தெருவில் இரண்டு வீடு தள்ளிக் குடியிருக்கும் கல்லூரி மாணவர் ஒருவர் கையில் கட்டுடன் வந்து நின்றார். சமையலறை மேடையில் வைத்திருந்த இஞ்சி பீர் (சர்க்கரைப் பாகில் இஞ்சி உறை ஊற்றி நொதிக்க வைக்கும் நுரைபானம்) புட்டி இரவில் வெடித்துவிட்டது என்றும், சிதறிய கண்ணாடியைப் பொறுக்கும்போது உள்ளங்கை கிழிந்துவிட்டது என்றும் சொன்னார். 2014 மே மாதம் இதே தவற்றை நானும் செய்தேன்; அன்று அந்த மேடையருகே யாரும் நிற்காததால்தான் என் வீட்டில் எவருக்கும் காயமில்லை. அதன் பிறகு என்னிடம் கற்றுக்கொள்ள வந்தவர்களில் பலரும் அதே இடத்தில்தான் சறுக்குகிறார்கள்.

பாத்திரத்தைச் சுத்தமாகக் கழுவுவது, சர்க்கரைப் பாகு ஆறிய பிறகே உறை ஊற்றுவது ஆகியவை எல்லாச் செய்முறைகளிலும் இருப்பதால் அவற்றை இங்கே விட்டுவிடுகிறேன்.

இஞ்சித் தோலைச் சீவி எறிவது

இஞ்சி உறை என்பது துருவிய இஞ்சியும் சர்க்கரையும் நீரும் கலந்து, நாள்தோறும் ஒவ்வொரு கரண்டி இஞ்சியும் சர்க்கரையும் சேர்த்து வளர்ப்பது. அதைப் பொங்க வைக்கும் ஈஸ்ட் இஞ்சியின் தோலில்தான் அதிகம் ஒட்டியிருக்கிறது. எனவே மண் போகும் அளவுக்கு அலசினால் போதும். குழாய்த் தண்ணீரில் குளோரின் வாடை அடித்தால், கொதிக்க வைத்து ஆற்றிய பிறகு பயன்படுத்துங்கள்.

செயற்கை இனிப்பு மட்டும் சேர்ப்பது

அது நொதிக்காது.

நாட்களை எண்ணிப் புட்டியை மூடி வைப்பது

என்னை இன்றுவரை எரிச்சல்படுத்தும் தவறு இதுதான். நாம் பார்த்துச் செய்யும் செய்முறைகளில் பல, சமையலறையில் 18 அல்லது 20 பாகை வெப்பம் நிலவும் குளிர்நாடுகளில் எழுதப்பட்டவை. 'மூடிய புட்டியில் ஐந்து நாள் வெளியே வைக்கவும்' என்று அவர்கள் எழுதுவது அவர்களுடைய வீட்டுக்குச் சரி. கத்திரி வெயில் காலத்தில் இரவிலும் 30 பாகைக்குக் கீழே இறங்காத என் சமையலறையில், அவர்களுடைய ஐந்து நாள் வேலையை ஈஸ்ட் ஒரே நாளில் முடித்துவிடுகிறது. மார்கழியில் விடியும்வரை பொங்காத இட்லி மாவு சித்திரையில் பாத்திரத்தைத் தாண்டி வழியும் என்பது நம் வீட்டில் எல்லோருக்கும் தெரியும். மாவுக்குக் கடிகாரம் பார்க்காதவர்கள் இஞ்சி பீருக்கு மட்டும் ஏன் தேதி பார்க்கிறார்கள் என்பது எனக்கு விளங்கவில்லை.

இதில் உள்ள கணக்கு எளிது. ஒரு லிட்டரில் ஏறத்தாழ 4 கிராம் சர்க்கரை முழுவதும் நொதித்தால், அந்தத் திரவத்தின் கொள்ளளவுக்குச் சமமான கரியமில வாயு உண்டாகிறது. கடையில் வாங்கும் சோடாவில் இருப்பது ஏறத்தாழ 4 மடங்கு வாயு. அதற்கு 16 கிராம் சர்க்கரை போதும். இனிப்புக்காக நாம் லிட்டருக்கு 100 கிராம் போடுகிறோம். அது முழுவதும் நொதித்தால் 25 மடங்கு. எந்தக் கண்ணாடிப் புட்டியும் அதைத் தாங்காது. கோலி சோடாக் கடையில் தடித்த புட்டியில் வேண்டிய அழுத்தம் ஏறியதும் வாயுவை நிறுத்திவிடுகிறார்கள்; மூடிய புட்டிக்குள் இருக்கும் ஈஸ்டைக் குளிரைத் தவிர வேறெதுவும் தணிக்காது.

ஆகவே முதல் முறை செய்பவர்கள் சோடா வந்த பிளாஸ்டிக் புட்டிகளை மட்டும் பயன்படுத்துங்கள். மூன்று விரற்கடை இடம் விட்டு நிரப்பி மூடி, ஆறு மணி நேரத்துக்கு ஒரு முறை விரலால் அழுத்திப் பாருங்கள். அழுத்தினால் குழியாத அளவுக்கு இறுகியதும், அது பத்தாவது மணி நேரமானாலும் சரி, எல்லாப் புட்டிகளையும் உடனே குளிர்ப்பெட்டியில் வையுங்கள். அந்த மாணவர் மூடி வைத்து மூன்று நாள் ஆகியிருந்தது. செய்முறையில் போட்டிருந்தபடி இன்னும் இரண்டு நாள் பாக்கி இருக்கிறதென்று அவர் காத்திருந்திருக்கிறார்.

கண்ணாடியில்தான் வைப்பேன் என்பவர்கள், கூடவே ஒரு பிளாஸ்டிக் புட்டியையும் அதே கலவையால் நிரப்பி, அது இறுகியவுடன் மற்றவற்றையும் உள்ளே வைக்க வேண்டும்.

அழகுக்காகச் சதுரப் புட்டி வாங்குவது

வாங்காதீர்கள். மூலைகளில்தான் முதலில் விரிசல் விடும்.

குளிர்ப்பெட்டியில் வைத்தபின் மறந்துவிடுவது

குளிரில் ஈஸ்ட் சாவதில்லை, மந்தமாகிறது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது எங்கள் பகுதியில் தண்ணீர் தேங்கி மின்சாரமும் போயிருந்தது. இரண்டாம் நாள் குளிர்ப்பெட்டியைத் திறந்தபோது, முன்பு ஓரளவு நெகிழ்ந்திருந்த நான்கு புட்டிகளும் கல்லாக இறுகி, அவற்றில் ஒன்றின் அடிப்பாகம் வெளியே பிதுங்கியிருந்தது. மின்தடை நீண்டால் மூடிகளைச் சற்றே தளர்த்தி வாயுவை வெளியேற்றிவிட்டு மறுபடி மூடுங்கள். குடிப்பதற்காகத் திறக்கும்போதும் நன்றாகக் குளிர்ந்த புட்டியை, முகத்தை விலக்கிக்கொண்டு, கழுவுதொட்டியின் மேல் பிடித்து மெல்லத் திருகுங்கள்.

வாரக்கணக்கில் வெளியே விட்டால் வாயுவோடு மதுச்சத்தும் கூடிக்கொண்டே போகும். வீட்டில் மது வடிப்பதை 1937ஆம் ஆண்டின் தமிழ்நாடு மதுவிலக்குச் சட்டம் அனுமதிப்பதில்லை. அதை நான் செய்வதுமில்லை, கற்றுக்கொடுப்பதுமில்லை. குறுகிய நேரத்தில் பொங்கியதிலும் சிறிதளவு மதுச்சத்து இருக்கும் என்பதால் எங்கள் வீட்டுக் குழந்தைகளுக்கு இதைத் தருவதில்லை. அவர்களுக்கு இஞ்சிச் சாற்றில் எலுமிச்சையும் சோடாவும் கலந்து கொடுக்கிறோம்.