பழைய சி10 பிக்கப்புக்குக் கையைக் கடிக்காத ரேடியேட்டர் ஃபேன்

என்னிடம் இருப்பது 1971 மாடல் செவர்லே சி10 பிக்கப். 350 வி8 எஞ்சின், ஆட்டோமேட்டிக் கியர், ஏசி கிடையாது. ஓட்டுவது டெக்சஸ் வெயிலில். ஞாயிற்றுக்கிழமை வாசலில் பானெட்டைத் திறந்து வைத்தால் போதும், பழைய வண்டி வாங்கி மாட்டிக்கொண்ட நம்மாட்கள் யாராவது வந்து நிற்பார்கள். கேள்வியும் மாறாது: “அண்ணே, வண்டி சூடாகுது. எலக்ட்ரிக் ஃபேன் போட்டுடலாமா?”

“எப்ப சூடாகுதுன்னு மொதல்ல சொல்லு தம்பி” என்பேன்.

சிக்னலில் நிற்கும்போது முள் ஏறி, ஹைவேயில் இறங்கிவிடுகிறதா? அப்படியானால் ரேடியேட்டருக்குக் காற்று போதவில்லை, ஃபேனைப் பார்க்கலாம். ஹைவேயில் 65 மைல் வேகத்தில் போகும்போது ஏறுகிறதா? அதற்கு எந்த ஃபேனும் மருந்தாகாது. 40, 45 மைலைத் தாண்டிவிட்டால் முன்னாலிருந்து அடிக்கும் காற்றே ரேடியேட்டருக்குப் போதும். அப்புறமும் சூடு ஏறினால் ரேடியேட்டருக்குள் அடைப்பு இருக்கும், இல்லை எஞ்சின் வேகம் கூடும்போது கீழ் ஹோஸ் சப்பையாக ஒட்டிக்கொண்டு தண்ணீர் ஓட்டத்தை மறிக்கும். ஃபேனில் காசு போட்டுப் பிரயோஜனமில்லை.

முள் காட்டுவது உண்மையா என்பதையும் பார்த்துவிடுங்கள். ஐம்பது வருடத்து மீட்டரை அப்படியே நம்பக் கூடாது. எஞ்சின் போதுமான அளவு சூடானதும் திறந்து தண்ணீரை ரேடியேட்டருக்கு விடும் வால்வுதான் தெர்மோஸ்டாட். இருபது டாலர் இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டரை அதன் மூடிக்கு நேராகக் காட்டினால் விஷயம் தெரிந்துவிடும். 210 டிகிரி ஃபாரன்ஹீட்டைப் பார்த்தே சிலர் பதறுவார்கள். 195 டிகிரியில் திறக்கும் தெர்மோஸ்டாட் போட்ட வண்டிக்கு அது சாதாரணம். பாதி கூலண்ட், பாதி தண்ணீர் கலந்து 15 பவுண்டு அழுத்தம் தாங்கும் ரேடியேட்டர் மூடியும் சரியாக இருந்தால் 265 டிகிரி பக்கம் போனால்தான் கொதிக்கும். மூடியின் ரப்பர் வெடித்திருந்தால் இந்தக் கணக்கெல்லாம் செல்லாது, பத்துப் பதினைந்து டாலருக்குப் புதிது வாங்கி மாட்டிவிடுங்கள்.

அதே தெர்மாமீட்டரை ரேடியேட்டர் முகத்தில் ஓரம் விட்டு ஓரம் ஓட்டிப் பாருங்கள். ஒரு பட்டை மட்டும் திடீரென்று குளிர்ச்சியாகக் காட்டினால் அந்தக் குழாய்களில் தண்ணீர் ஓடவில்லை. டிஸ்ட்ரிபியூட்டரின் வேக்குவம் ஹோஸ் கழன்று கிடக்கிறதா என்பதையும் பார்க்கலாம். ஐடிலில் ஸ்பார்க் டைமிங் பின்தங்கினால் எஞ்சின் சும்மா நிற்கும்போதே சூடு கக்கும். இதற்கெல்லாம் செலவு கிடையாது.

இனி ஃபேனுக்கு வருவோம். ஆனால் அதற்கு முன்னால் கவனிக்க வேண்டியது அதைச் சுற்றி இருக்க வேண்டிய ஷ்ரவுடு.

ரேடியேட்டரின் பின்புறத்தை முழுசாக மூடி, நடுவில் வட்டமாக வாய் திறந்திருக்கும் பிளாஸ்டிக் கூடுதான் ஷ்ரவுடு. இது இல்லையென்றால் ஃபேன் தனக்கு நேர் எதிரே இருக்கும் வட்டத்தின் வழியாக மட்டும் காற்றை இழுக்கும். நாலு மூலையும் வேலை செய்யாமல் சும்மா கிடக்கும். போதாததற்கு, பின்னால் தள்ளிய சூடான காற்றே ஓரமாகச் சுற்றிக்கொண்டு மறுபடி ஃபேனுக்குள் வரும். எனக்கு முன்னால் இந்த வண்டியை வைத்திருந்தவர் ஷ்ரவுடைக் கழற்றித் தூர எறிந்துவிட்டு, பளபளவென்று, இலை வளைந்து கொடுக்கும் ஒரு ஸ்டீல் ஃப்ளெக்ஸ் ஃபேனை மாட்டியிருந்தார். அதுவும் போதாமல் கிரில் பக்கம் ஒரு சின்ன எலக்ட்ரிக் ஃபேன். அதைப் பிடித்திருந்தவை ரேடியேட்டர் துடுப்புகளுக்கு நடுவே குத்தி நுழைத்த பிளாஸ்டிக் குச்சிகள். வண்டி அதிர அதிர அந்தக் குச்சிகள் குழாயை அரைத்து, கழற்றும்போது ஒரு இடத்தில் பச்சையாகக் கசிவுத் தடம் இருந்தது. இரண்டு ஃபேன் இருந்தும் சிக்னலில் 230.

நான் போட்டது கம்பெனி காலத்து ஏற்பாடுதான்: ஷ்ரவுடு, சூடானால் மட்டும் ஃபேனை இறுகப் பிடிக்கும் தெர்மல் கிளட்ச், ஏழு இலை கொண்ட 18 அங்குல ஃபேன். ஃபேன் மட்டும் காயலான் கடையில் எடுத்தது. ஷ்ரவுடும் கிளட்சும் புதிது. எல்லாம் சேர்த்து இருநூறு டாலருக்குள் முடிந்தது. ஏசி இல்லாத, எஞ்சினை அதிகம் முறுக்காத வண்டிக்கு இதைவிடச் சல்லிசான, நம்பகமான வழி எனக்குத் தெரிந்து இல்லை. வயரிங் கிடையாது, ரிலே கிடையாது, நடுவழியில் ஃபியூஸ் போகாது.

ஷ்ரவுடு வாங்கும்போது ரேடியேட்டரின் அகலத்தை அளந்துகொண்டு போங்கள், வருடத்தை மட்டும் சொல்லி வாங்காதீர்கள். ஃபேன் உட்காருவது வாட்டர் பம்பின் முனையில். 350 போன்ற சின்ன பிளாக் எஞ்சினுக்குச் செவர்லேயில் குட்டை வாட்டர் பம்ப், நீள வாட்டர் பம்ப் என்று இரண்டு உண்டு. இரண்டுக்கும் ஓர் அங்குலத்துக்கு மேல் வித்தியாசம். யாராவது எஞ்சினை மாற்றியிருந்தால் உங்கள் வண்டியில் எது இருக்கும் என்று சொல்ல முடியாது. மாட்டிய பிறகு பக்கவாட்டில் குனிந்து பாருங்கள்: ஃபேன் இலையின் பாதி ஷ்ரவுடு வாய்க்கு உள்ளே, பாதி வெளியே இருக்க வேண்டும். இலை நுனிக்கும் ஷ்ரவுடுக்கும் நடுவில் அரை அங்குலத்திலிருந்து ஓர் அங்குலம் விடுங்கள். எஞ்சின் ரப்பர் மவுண்டில் ஆடும் என்பதால் அதைவிட நெருக்கினால் உரசும். ரேடியேட்டருக்கும் ஃபேனுக்கும் நடுவே ஓர் அங்குலமாவது வேண்டும்.

கிளட்ச் நல்லதா என்று பார்க்க, எஞ்சின் ஆறியிருக்கும்போது, அணைத்துவிட்டு, கையால் ஃபேனைச் சுற்றுங்கள். தேனுக்குள் கரண்டி சுற்றுவது போல ஒரு பிசுபிசுப்பு கையில் தெரிய வேண்டும். விட்டதும் நின்றுவிட வேண்டும். தடையில்லாமல் நாலைந்து சுற்று ஓடினால் உள்ளே இருக்கும் சிலிகான் எண்ணெய் போய்விட்டது. அசையவே இல்லையென்றால் இறுகிவிட்டது. கிளட்சின் நடுவிலிருந்து சக்கரத்து ஆரம் போல வெளிப்பக்கம் ஓடும் எண்ணெய் கலந்த தூசிக் கோடு இருந்தால் சோதித்துப் பார்க்கவே தேவையில்லை, வேறு வாங்குங்கள். முன்பக்கம் சுருள் ஸ்பிரிங் இருக்கும் தெர்மல் வகையாகப் பார்த்து எடுங்கள். ரேடியேட்டர் வழியே வரும் காற்று சூடானால்தான் அது இறுகப் பிடிக்கும், மற்ற நேரத்தில் எஞ்சினுக்குப் பாரம் குறைவு.

ஃப்ளெக்ஸ் ஃபேன் பக்கமே போகாதீர்கள். மெல்லிய தகடு வருடக்கணக்கில் வளைந்து நிமிர்ந்து விரிசல் விடும். பிய்த்துக்கொண்டு பறந்தால் பானெட்டையே கிழிக்கும். எந்த ஃபேனாக இருந்தாலும் எஞ்சின் ஓடும்போது இலைகள் சுற்றும் வட்டத்துக்கு நேரே பக்கவாட்டில் நிற்கக் கூடாது.

அப்படியானால் எலக்ட்ரிக் ஃபேன் யாருக்கு? எஞ்சினை மாற்றி, வாட்டர் பம்புக்கும் ரேடியேட்டருக்கும் நடுவே, எஞ்சின் பெல்ட்டால் சுற்றும் ஃபேனுக்கு இடமே இல்லாதவர்களுக்கு. பின்னால் ஏசி போட்டு, வரிசையில் ஊர்ந்தபடி குளிரில் உட்கார நினைப்பவர்களுக்கு. அவர்களும் பெட்டியில் புதிதாக வரும் மலிவான மெல்லிய ஃபேனை வாங்க வேண்டாம், காயலான் கடைக்கே போகலாம். 3.8 லிட்டர் எஞ்சின் வைத்த பழைய ஃபோர்டு டாரஸ் காரில், 1995 வரை வந்ததில், ஷ்ரவுடோடு சேர்ந்த பெரிய ஒற்றை ஃபேன் இருக்கும், இரண்டு வேகம். செவர்லேக்குள் ஃபோர்டு சாமானா என்று சிலர் முகம் சுளிப்பார்கள். முப்பது, நாற்பது டாலருக்கு அந்த அளவு காற்று வேறு எதிலும் கிடைக்காது. அது தடிமனானது, அதனால் வாட்டர் பம்பு புல்லி முனைக்கும் ரேடியேட்டருக்கும் உள்ள இடைவெளியை முன்கூட்டியே அளந்து எழுதிக்கொண்டு போங்கள். கனெக்டரை ஒரு சாண் வயரோடு வெட்டி எடுங்கள்.

செலவு தொடங்குவது அதற்கப்புறம்தான். அது முழு வேகத்தில் முப்பது ஆம்பியருக்குக் குறையாமல் குடிக்கும், கிளம்பும் நொடியில் இரண்டு மூன்று மடங்கு. 1971 சி10இல் சாதாரணமாக வந்த ஆல்டர்னேட்டர் 37 ஆம்பியர்தான். அதுவும் ஐடிலில் அதில் பாதிகூட வராது, ஃபேன் தேவைப்படுவதோ ஐடிலில். ஜிஎம்மின் பிற்கால மாடலான 94 ஆம்பியர் 12எஸ்ஐ ஆல்டர்னேட்டருக்கும், அதற்கேற்ற தடிமனான சார்ஜ் வயருக்கும் சேர்த்துப் பட்ஜெட் போடுங்கள். ஃபேனுக்கு 10 கேஜ் வயர் குறைந்தபட்சம், 8 இருந்தால் நல்லது. எர்த் வயரும் அதே தடிமன். பேட்டரியை ஒட்டியே 50 ஆம்பியர் பெரிய ஃபியூஸ், சின்ன சுவிட்சை வைத்துப் பெரிய கரண்டை இயக்கும் 70 ஆம்பியர் ரிலே. கடையில் சாதாரணமாகக் கிடைக்கும் 30 ஆம்பியர் ரிலே இதற்கு உருகிவிடும். இரண்டு வேகத்தையும் பயன்படுத்தினால், பெரிய வேகம் வரும்போது சின்ன வேகத்தின் லைன் தானாகத் துண்டாகும்படி ரிலேக்களைப் பிணைக்க வேண்டும்.

டெம்பரேச்சர் சுவிட்சைத் தெர்மோஸ்டாட்டோடு பொருத்தித்தான் வாங்க வேண்டும். 180 தெர்மோஸ்டாட் உள்ள எஞ்சினில், 170இல் அணையும் சுவிட்சை இன்டேக் மேனிஃபோல்டில் மாட்டினால் ஃபேன் அணையவே அணையாது, தெர்மோஸ்டாட் அந்தச் சூட்டுக்குக் கீழே எஞ்சினை இறங்க விடாதே. 200இல் ஓடி 185இல் நிற்கும் சுவிட்ச் சரி. ஏசி இருந்தால் கம்ப்ரஸர் லைனிலிருந்தும் ரிலேவுக்கு ஒரு வயர் கொடுங்கள்.

மாட்டி முடித்ததும் ஹெட்லைட்டைப் போட்டு, ஐடிலில் ஓடவிட்டு, ஃபேன் முழு வேகத்துக்கு வரும்வரை வோல்ட்மீட்டரைப் பேட்டரியில் பிடித்திருங்கள். 13.5 பக்கம் நின்றால் பிரச்சினை இல்லை. 12.5க்குக் கீழே வழுக்கினால் ஆல்டர்னேட்டரையோ அதன் புல்லியையோ மாற்றும்வரை இரவில் டவுன் டிராஃபிக்குக்கு வண்டியை எடுக்காதீர்கள்.