கட்டெறும்பு ராணியை வளர்ப்பது எப்படி: மழை ராத்திரியிலிருந்து முதல் வேலைக்காரி வரை

நல்ல மழை ஒருபாட்டம் பெய்து வெறித்த சாயங்காலம் பாளையங்கோட்டையில் எந்தத் தெருவிளக்குக்குக் கீழே போய் நின்றாலும் ஈசல் கொட்டிக்கிடக்கும். கொஞ்சம் குனிந்து பார்த்தால் அதற்கு நடுவே ஈசல் இல்லாத ஒன்றும் ஓடும். ஈசலுக்கு இடுப்பு கிடையாது, நான்கு இறக்கையும் ஒரே நீளம். எறும்பு ராணிக்கு இடுப்பு ஒடுங்கியிருக்கும், உணர்கொம்பு முழங்கை மாதிரி மடங்கியிருக்கும், முன்னிறக்கை பெரிது. கட்டெறும்பு ராணி என்றால் ஒன்றரை சென்டிமீட்டருக்கு மேல் இருக்கும், பார்த்ததுமே தெரிந்துவிடும். இறக்கையை உதிர்த்துவிட்டுத் தரையில் இடம் தேடி ஓடுகிறவளைப் பிடியுங்கள், அவள் பெரும்பாலும் இணைசேர்ந்து முடித்தவள். தலை சிறுத்து உடம்பு மெலிந்து இருப்பது ஆண், அதை விட்டுவிடுங்கள்.

ஒன்று சொல்லிவிடுகிறேன், புற்றைத் தோண்டி ராணியை எடுக்காதீர்கள். அவள் போனால் அந்தக் கூட்டமே கொஞ்சம் கொஞ்சமாக அழிந்துவிடும். மழை ராத்திரியில் அலைகிறவர்களில் பெரும்பகுதி விடிவதற்குள் பல்லிக்கும் தவளைக்கும் இரையாகப் போகிறவர்கள்தான், அதில் ஒருத்தியை எடுத்தால் போதும்.

அடுத்தது வீடு. அறிவியல் சாமான் கடையில் 15 சென்டிமீட்டர் நீள டெஸ்ட் டியூப் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். மூன்றில் ஒரு பங்கு ஆறவைத்த தண்ணீர் ஊற்றி, பஞ்சை இறுக்கி உருட்டி, பென்சிலின் பின்பக்கத்தால் தண்ணீரைத் தொடும்வரை தள்ளுங்கள். பஞ்சு நனைந்திருக்க வேண்டும், ஆனால் அதைத் தாண்டித் தண்ணீர் கசியக் கூடாது, கசிந்தால் ராணி மூழ்கிவிடுவாள். கவிழ்த்துப் பிடித்து ஒரு நிமிஷம் பார்த்து, ஒரு சொட்டுகூட விழாவிட்டால்தான் ராணியை உள்ளே விடுங்கள். வாயை உலர்ந்த பஞ்சால் அடைத்துவிட்டால் சரி, காற்று அதன் வழியாகப் போய்வரும்.

இனி சாப்பாடு. கட்டெறும்பு ராணிக்கு முதல் வேலைக்காரிகள் (அவள் முட்டையிலிருந்து வரும் வேலைக்கார எறும்புகள்) வரும்வரை ஒன்றுமே வைக்க வேண்டாம். இதை நம்ப எல்லோருக்கும் கஷ்டமாக இருக்கிறது. இனிமேல் பறக்கப் போவதில்லை என்பதால் இறக்கையை அசைத்த தசையை அவள் உடம்பே கரைத்துக்கொள்கிறது, அதிலும் சேமித்த கொழுப்பிலும்தான் அவளும் பிழைத்துக் குஞ்சுகளையும் வளர்க்கிறாள். பாவமாக இருக்கிறதே என்று தேன் வைத்தால் பூஞ்சை பிடிப்பதுதான் மிச்சம். (எல்லா எறும்பும் இப்படியில்லை, சில இனங்களில் ராணியே வெளியே போய் இரை பிடிக்கும். அதனால்தான் ஆரம்பிக்கிறவர்களுக்கு நான் கட்டெறும்பைச் சொல்கிறேன்.)

டியூபைக் கறுப்புத் துணியில் சுற்றி, மர அலமாரியின் கீழ்த்தட்டில் வையுங்கள். வாஷிங் மெஷின், தையல் மெஷின் பக்கம் வேண்டாம், அதிர்வு ஆகாது. சித்திரை வெயிலில் மச்சில் வைத்தால் டியூபுக்குள் வேர்த்துக்கொட்டும், வெக்கையிலேயே செத்துவிடும். தார்சா (வீட்டின் முன்பகுதி) மூலை நல்ல இடம், ஆனால் கொசுவத்திச் சுருளும் எறும்புச் சாக்பீஸும் அந்தப் பக்கமே வரக் கூடாது. வீட்டிலுள்ள சின்ன எறும்புகள் மோப்பம் பிடித்து உள்ளே புகுந்துவிடும் என்பதால், ஆச்சி பால் செம்பை வைப்பாளே, அதேபோல ஒரு தட்டில் தண்ணீர் ஊற்றி நடுவில் கிண்ணத்தைக் கவிழ்த்து அதன்மேல் டியூபை வையுங்கள்.

அப்புறம் பார்க்காமல் இருங்கள். இருக்கிற வேலைகளிலேயே கஷ்டமானது இதுதான். என் முதல் ராணியை நான் தினமும் ராத்திரி டார்ச் அடித்துப் பார்த்தேன். வெளிச்சம் பட்டதும் முட்டைக் கொத்தை வாயில் கவ்விக்கொண்டு இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் ஓடுவாள். எட்டாம் நாள் முட்டை ஒன்றையும் காணோம், அவளே தின்றிருந்தாள். பயந்த ராணி அப்படித்தான் செய்யும், அந்த முட்டைகள் போனதற்குக் காரணம் நான்தான். வாரத்துக்கு ஒரு தடவை, டார்ச்சில் சிவப்புக் கண்ணாடித்தாள் கட்டி, அரை நிமிஷம் பாருங்கள், போதும். எறும்புக்குச் சிவப்பு வெளிச்சம் சரியாகத் தெரியாது.

அந்த அரை நிமிஷத்தில் பார்க்க நிறைய இருக்கிறது. முதலில் ரவையைவிடச் சின்னதாக, ஒன்றோடொன்று ஒட்டின வெள்ளை முட்டைகள். பிறகு வளைந்த புழுக்கள், ராணி அதன் வாயோடு வாய் வைத்து ஊட்டுவாள். அப்புறம் அந்தப் புழு தன்னைச் சுற்றி நூல் நூற்றுக் கூடு கட்டும், பழுப்பாக, புழுங்கலரிசி மாதிரி. மழைக்கு முன்னால் எறும்பு முட்டை தூக்கிக்கொண்டு மேடேறுகிறது என்கிறோமே, தூக்கிப்போவது பெரும்பாலும் இந்தப் புழுவையும் கூட்டையும்தான். நம் ஊர் சூட்டில் என் ராணிகளுக்கு முதல் வேலைக்காரி வர 5 முதல் 7 வாரம் ஆனது. ராணி கூட்டின் ஓரத்தைக் கடித்துப் பிரித்து இழுத்துவிட, வெளிறின நிறத்தில் கால் நடுங்க ஒருத்தி வெளியே வந்ததை நான் பார்த்திருக்கிறேன். அன்றைக்கு அரை நிமிஷக் கணக்கை மீறிவிட்டேன்.

நாலைந்து பேர் வந்ததும் தீனி. தண்ணீர் கலந்த தேன் ஊசிமுனை அளவு ஒரு சொட்டு, வாரம் இரண்டு தடவை பேட்டில் அடித்த கொசு ஒன்று, மருந்து பட்ட பூச்சி கூடாது. மிச்சத்தை மறுநாளே எடுத்துவிடுங்கள். பஞ்சு கறுத்தாலோ தண்ணீர் தீர்ந்தாலோ தட்டிக் கொட்டாதீர்கள். புது டியூபை வாயோடு வாய் சேர்த்து டேப் ஒட்டி, புதியதை இருட்டாக்கிப் பழையதை வெளிச்சத்தில் விடுங்கள், ராணியும் பிள்ளைகளும் தாங்களாகவே மாறிவிடுவார்கள். ஒரு ராத்திரியிலும் நடக்கும், ஒரு வாரமும் ஆகும்.