வெளியே மூடுபனி, பொறிக்குள் வறட்சி: மலையகத்தில் புரொயிலர் குஞ்சு பொரிப்போர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

2022 ஆம் ஆண்டின் அந்நியச் செலாவணி நெருக்கடியில் தீவனமும் தாய்க்கோழி இறக்குமதியும் தடுமாறியதைக் கண்ட பிறகு, கீழ்நாட்டிலிருந்து குஞ்சு வரும் என்று காத்திருப்பதை விட்டுவிட்டு, கருக்கட்டிய முட்டையை வாங்கி வந்து தாங்களே பொரிக்கலாம் என்று எண்ணும் இளைஞர்களை ஹட்டன், வெலிமடை, நுவரெலியா பக்கங்களில் நான் அடிக்கடி சந்திக்கிறேன். அவர்களுடைய முயற்சியை மதிக்கிறேன். ஆனால் இத்தொழிலின் தொடக்கக் காலத்தில் நாங்கள் எல்லோரும் செய்த அதே தவறுகளை அவர்களும் வரிசை மாறாமல் செய்வதைப் பார்த்துக்கொண்டு பேசாமல் இருக்க முடியவில்லை. முட்டையைத் திருப்ப மறப்பது, வெடித்த முட்டையை அடுக்குவது போன்றவற்றை எவரும் ஒரு தடவையிலேயே கற்றுக்கொள்வார்கள். அவற்றை இங்கே எழுதப்போவதில்லை.

மூடுபனியை நம்புவது

மலையகத்தில் மிகுந்த பணத்தைத் தின்றிருக்கும் தவறு இதுதான். ஆண்டுகள் பல கடந்தும் இதைக் காணும்போது எனக்குக் கோபம் வருகிறது.

நானுஓயாவுக்கு அருகே ஒரு தம்பி பழைய மரக்கறிக் களஞ்சியம் ஒன்றில் செட்டர் (முட்டையை முதல் 18 நாள் வைக்கும் அடைகாப்புப் பொறி) பொருத்தியிருந்தார். பொறியின் நீர்த்தெளிப்பானை அவர் நிறுத்தி வைத்திருந்தார். காரணம் கேட்டபோது, "அண்ணே, வெளியே பனி கொட்டுது, ஈரமானி தொண்ணூறுக்கு மேல காட்டுது, இதுக்கு மேல எதுக்குத் தண்ணி?" என்றார். பொரிப்பு நாளன்று ஹட்சரை (கடைசி நாள்களில் குஞ்சு வெளிவரும் பொறியை) திறந்தபோது, குஞ்சுகள் ஓட்டைக் கொத்தித் துளையிட்டிருந்தும் வெளியே வர முடியாமல் சிக்கிக்கொண்டிருந்தன. உள்சவ்வு காய்ந்த வாழைச்சருகு போல இறுகி, இறகோடு ஒட்டியிருந்தது. வெளிவந்தவையும் கால் சுருங்கி, எடை குறைந்து நின்றன. அவர் முட்டை கொடுத்தவரிடம் சண்டைக்குப் போகத் தயாராக இருந்தார். பொரிக்காத முட்டைகளை உடைத்துப் பார்த்தோம். பெரும்பாலானவற்றில் முழுதாக வளர்ந்த குஞ்சு இறந்து கிடந்தது. முட்டையின் அகன்ற முனையிலுள்ள காற்றறையோ அளவுக்கு மீறிப் பெரிதாக இருந்தது. முட்டையிலோ கருவிலோ குறையில்லை. ஈரம் போய்விட்டது, அவ்வளவுதான்.

நடப்பது என்னவென்றால், குளிர்ந்த காற்றால் சிறிதளவு நீராவியையே தாங்க முடியும். 15 பாகை செல்சியஸில் 90 சதவீத ஈரப்பதனுடன் இருக்கும் காற்றை 37.5 பாகைக்குச் சூடாக்கினால், அதே காற்றின் ஈரப்பதன் ஏறத்தாழ 25 சதவீதத்துக்கு இறங்கிவிடும். கண்ணுக்கு நனைந்து தெரியும் மலைக்காற்று பொறிக்குள் நுழைந்ததும் வறண்ட காற்றாகிவிடுகிறது. இதற்கு மேல் உயரம் வேறு சேர்கிறது. நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,868 மீற்றர் உயரத்தில் இருப்பதால், அங்கே வளிமண்டல அமுக்கம் கடலோரத்தில் இருப்பதில் 80 சதவீதமளவே. அமுக்கம் குறைந்த இடத்தில் ஓட்டின் நுண்துளைகள் வழியாக நீராவி வெளியேறும் வேகம் கூடும். மற்றவை எல்லாம் சமமாக இருந்தாலும், அங்கே ஒரு முட்டை நான்கில் ஒரு பங்கு அதிகமாக நீரை இழக்கும். ஆகவே கீழ்நாட்டுக்காரர் 53 சதவீதத்தில் வைத்து நல்ல குஞ்சு எடுக்கிறார் என்பதற்காக நாமும் அதே எண்ணை வைக்கக்கூடாது. நுவரெலியாவில் 60 சதவீதத்துக்குச் சற்று மேலிருந்து தொடங்குவதே சரி. 1,200 மீற்றரை ஒட்டியிருக்கும் ஹட்டன், பண்டாரவளை போன்ற ஊர்களில் இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட ஓர் எண் பொருந்தும்.

இதைக் கேட்டதும் பலர் அடுத்த தவறுக்குள் விழுகிறார்கள். ஈரமும் சூடும் வெளியே போகக்கூடாது என்று பொறியின் காற்றுத் துவாரங்களை அடைத்துவிடுகிறார்கள். முதல் சில நாள்களில் துவாரத்தை ஏறக்குறைய மூடி வைப்பது இன்றைய ஒற்றைக்கட்டப் பொறிகளில் (ஒரே வயது முட்டைகளை மட்டும் வைக்கும் பொறிகளில்) வழக்கமான முறைதான்; அந்த வயதில் கருவுக்குத் தேவைப்படும் ஒட்சிசன் மிகக் குறைவு. 12 ஆம் நாளுக்குப் பிறகும் மூடியே வைத்திருப்பதுதான் கொலை. உயரத்தால் ஒட்சிசன் ஏற்கெனவே ஐந்தில் ஒரு பங்கு குறைந்திருக்கிறது. குஞ்சு காற்றறைக்குள் அலகை நீட்டி நுரையீரலால் மூச்சுவிடத் தொடங்கும் 19, 20 ஆம் நாள்களில், அந்தக் குறைந்த காற்றையும் நாம் அடைத்துவிட்டால் அது ஓட்டுக்குள்ளேயே மடியும். மூடிய பொறியில் முட்டைகள் விடும் நீராவியும் தேங்குவதால், இப்போது நீரிழப்பு போதாமல் போய், வயிறு உப்பிய, தொப்புள் மூடாத குஞ்சுகள் வருகின்றன.

அப்படியானால் என்ன செய்வது? அறையைச் சரிசெய்ய வேண்டும். பொறி மூச்சிழுப்பது அறையிலிருந்துதான். அறையை 24 முதல் 27 பாகை வரையான வெப்பத்திலும் 50 முதல் 60 சதவீத ஈரப்பதனிலும் வைத்திருந்தால், துவாரத்தை வேண்டிய அளவு திறந்து வைக்கலாம். பொறியும் ஓயாமல் சூடாக்கிக்கொண்டும் நீர் தெளித்துக்கொண்டும் தவிக்காது. நம்மவர்கள் கையிலுள்ள பணம் முழுவதையும் பொறிக்குக் கொடுத்துவிட்டு, அதைத் தகரக் கூரைக்கும் பலகை இடுக்குகளுக்கும் நடுவே நிறுத்துகிறார்கள். ஓர் அளவு சிறிய பொறியை வாங்கி, மிச்சப் பணத்தில் கூரைக்கு உட்தளமும் கதவுக்கு இறுக்கமும் போடுங்கள் என்று நான் சொல்வதைக் கேட்டவர்கள் மிகக் குறைவு.

ஈரமானி காட்டும் எண்ணை மட்டும் நம்பாமல் முட்டையை நிறுத்துப் பாருங்கள். 60 கிராம் முட்டைகள் 150 ஐ ஒரு தட்டில் அடுக்கினால், தட்டின் எடையைக் கழித்த பிறகு 9 கிலோகிராம் வரும். 18 ஆம் நாள் ஹட்சருக்கு மாற்றும்போது முட்டைகள் தம் எடையில் 11 முதல் 12 சதவீதத்தை இழந்திருக்க வேண்டும். அதாவது அதே தட்டு 8 கிலோகிராமை ஒட்டி நிற்க வேண்டும். 7.7 என்று காட்டினால் காய்ந்துவிட்டது; 8.3 என்று காட்டினால் ஈரம் தேங்கிவிட்டது. 18 ஆம் நாள் வரை காத்திருக்கவும் வேண்டாம். 7 ஆம் நாளிலேயே 400 கிராமளவு குறைந்திருக்கிறதா என்று பார்த்தால், திருத்திக்கொள்ள இன்னும் 11 நாள் கையில் இருக்கும். வெடித்த முட்டை இருந்தால் அந்தத் தட்டை நிறுக்காதீர்கள், கணக்கு பொய்த்துவிடும்.

குளிருக்குப் பயந்து சூட்டைக் கூட்டுவது

இன்றைய புரொயிலர் இனங்கள் விரைவாக வளர்வதற்காகவே தெரிவு செய்யப்பட்டவை. கருவிலேயே அவை அதிக வெப்பத்தை வெளியிடுகின்றன. ஏறத்தாழ 10 ஆம் நாளுக்குப் பிறகு முட்டைக்குச் சூடு கொடுப்பதைவிட அதன் சூட்டை அகற்றுவதே பொறியின் வேலை. பெரிய பொரிப்பகங்கள் ஒற்றைக்கட்டப் பொறிகளுக்கு மாறுவதற்கு இதுவும் ஒரு காரணம். பல வயது முட்டைகளைக் கலந்து வைக்கும் பழைய பொறியை மலிவாக வாங்குபவர்கள், அதைப் பாதி நிரப்பி ஓட்டக்கூடாது. முதிர்ந்த முட்டைகளின் சூடு இளையவற்றுக்குப் போகும் கணக்கில்தான் அது வடிவமைக்கப்பட்டிருக்கிறது. காற்றின் வெப்பத்தோடு நிற்காமல், காய்ச்சல் பார்க்கும் காது வெப்பமானியை முட்டையின் நடுப்பகுதியில் வைத்து ஓட்டின் வெப்பத்தைப் பாருங்கள். 37.8 பாகை சரியானது. 39 ஐ நெருங்கினால், வெளியே எவ்வளவு குளிராக இருந்தாலும் உள்ளே கரு வேகிறது.

"மலைதானே, முட்டை அறை எதற்கு?"

பொறியில் அடுக்குமுன் ஒரு வாரம் வரை சேமித்து வைத்திருக்கும் முட்டைக்கு 16 முதல் 18 பாகை போதும். நுவரெலியாவில் தை, மாசி இரவுகளில் புல்மேல் உறைபனி படிகிறது; பகலில் வெயில் அடிக்கிறது. திறந்த அறையில் இந்த ஏற்ற இறக்கத்தில் கிடக்கும் முட்டையில் கரு வலுவிழக்கும். ஒரு வாரத்துக்கு மேல் சேமிக்கும் ஒவ்வொரு நாளும் பொரிப்பு வீதத்தைக் குறைத்து, பொரிக்கும் நேரத்தையும் ஏறத்தாழ ஒரு மணித்தியாலம் தள்ளிப்போடும்.

குளிர்ந்த முட்டையைச் சூடான அறைக்குள் திடீரென்று கொண்டுவந்தால் ஓடு வியர்க்கும். அந்த நீர் வழியாகக் கிருமி நுண்துளைக்குள் இறங்கும். துணியால் துடைத்தால் இன்னும் ஆழமாக இறங்கும். படிப்படியாகச் சூடேற்றுங்கள்.

லொறியிலிருந்து நேராகப் பொறிக்குள்

குருநாகல் பக்கத்திலிருந்து ரம்பொடை வளைவுகளில் குலுங்கி வந்த முட்டையை, அகன்ற முனை மேலிருக்க, ஒரு நாள் ஓய்வாக வையுங்கள்.

ஃபோமலின் புகை

கிருமியைக் கொல்ல முட்டைக்குப் போடும் இந்தப் புகை, பொறியில் வைத்த 24 மணித்தியாலத்துக்கும் 96 மணித்தியாலத்துக்கும் இடையில் ஒருபோதும் வேண்டாம்.

மின்பிறப்பாக்கி

2022 பங்குனி இறுதியில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் மின்சாரம் இருக்கவில்லை. முட்டை வாங்குவதற்கு முன் மின்பிறப்பாக்கியை வாங்குங்கள். முழுச் சுமையில் ஓட்டிப் பாருங்கள்.

தீபாவளிக் கணக்கு

தோட்டப்புறத்தில் இறைச்சிக் கோழி மிகுதியாக விற்பது தீபாவளிக்குத்தான். பொரிக்க 21 நாள், வளர்க்க 35 முதல் 40 நாள். எனவே பண்டிகைக்கு இரண்டு மாதம் முன்னரே முட்டை பொறியில் இருக்க வேண்டும். ஒரு மாதம் இருக்கும்போது முட்டை தேடி வருபவர்களுக்கு விற்கப்படுவது பெரும்பாலும் நீண்ட நாள் தேங்கிய முட்டை.

குஞ்சை எடுக்கும் நேரம்

எல்லாக் குஞ்சும் காய்ந்து பஞ்சாகும் வரை காத்திருப்பது தவறு. 20 குஞ்சில் ஒன்றுக்கு இன்னும் கழுத்து ஈரமாக இருக்கும்போதே எடுக்க வேண்டும். எடுத்தவுடன் நூறு குஞ்சுகளை நிறுத்துப் பாருங்கள்: அடுக்கும்போது முட்டைக்கு இருந்த எடையில் 67 அல்லது 68 சதவீதம், அதாவது 60 கிராம் முட்டைக்கு ஏறத்தாழ 40 கிராம் இருந்தால் நேரம் சரி. அதற்குக் குறைந்தால், காய்ந்துபோகும் வரை ஹட்சரில் விட்டிருக்கிறீர்கள், அல்லது 18 நாளும் ஈரம் போதவில்லை. முதலில் தட்டின் எடைக் குறிப்பைப் பாருங்கள். வாடிக்கையாளர் முச்சக்கர வண்டியோடு வந்திருந்தால், பெட்டியை ஏற்றுவதற்கு முன் அதன் இரு பக்கத் திரைகளையும் இறக்கிக் கட்டச் சொல்லுங்கள். பெட்டிகளுக்கு இடையில் மட்டும் காற்றுப் போக இடம் விடுங்கள்.