கிழக்கு ஐரோப்பாவுல யூதக் குடும்ப வேரைத் தேடணுமா? முதல்ல ஊர்ப் பேரைப் பிடிங்க

என் தோழி ஒருத்தி யூதப் பொண்ணு. அவளோட கொள்ளுப்பாட்டி வழியைத் தேடி மூணு வருஷம் நானும் அவ கூடவே உக்காந்திருந்தேன், கடைசியில போலந்து வரைக்கும் ரெண்டு பேரும் போயிட்டு வந்தோம். தொடங்கும்போது அவ கையில இருந்தது ஒரே ஒரு வரிதான், "கொள்ளுப்பாட்டி ரஷ்யாவுல இருந்து வந்தவங்க". சம்பந்தம் மூலமா யூதக் குடும்பத்துக்குள்ள போனவங்க, பிரெண்டுக்காகத் தேடுறவங்க, சரித்திர ஆர்வத்துல தேடுறவங்கன்னு யாராவது இதைப் படிச்சா உதவட்டும்னு எழுதறேன்.

எல்லாரும் பண்ற தப்பு, குடும்பப் பேரைப் போட்டுத் தேடறது. அது வேலைக்கு ஆகாது, ஏன்னா ஒரே குடும்பப் பேர்ல சம்பந்தமே இல்லாத நூறு குடும்பம் இருக்கும். ஊர்ப் பேரு வேணும், ஏன்னா பதிவேடு எல்லாம் ஊர் வாரியாத்தான் இருக்கு. "ரஷ்யா"ன்னு சொன்னா இன்னைக்கு இருக்கற ரஷ்யான்னு நினைச்சுடாதீங்க, முதல் உலகப்போர் வரைக்கும் வார்சா, வில்னா, மின்ஸ்க், லுப்ளின் எல்லாமே ரஷ்ய சாம்ராஜ்யம்தான். அதே மாதிரி "ஆஸ்திரியா"ன்னா அது இப்ப உக்ரைன்ல இருக்கற லிவிவா இருக்கலாம், அந்த ஊருக்கு ஜெர்மன்ல லெம்பெர்க், போலிஷ்ல லுவூஃப், ரஷ்யன்ல ல்வோவ். 1914ல இருந்து 1945க்குள்ள வீட்டை விட்டு நகராமலே ஒருத்தர் நாலு ஆட்சியில வாழ்ந்திருப்பாரு, அதனால பழைய பேரு, யித்திஷ் (அந்தப் பக்கத்து யூதங்க பேசின மொழி) பேரு, இப்ப இருக்கற பேரு மூணையும் ஒரே தாள்ல எழுதி வச்சுக்கோங்க.

ஊர்ப் பேரு எங்க கிடைக்கும்? அமெரிக்கா போன குடும்பம்னா கப்பல் பயணிகள் லிஸ்ட் பாருங்க, 1907க்கு அப்புறம் வந்த லிஸ்ட்ல, விட்டுட்டு வந்த நாட்டுல இருக்கற நெருங்கின சொந்தத்தோட பேரும் விலாசமும் கேட்டு எழுதியிருப்பாங்க. குடியுரிமை மனுவும் நல்ல ஆதாரம். இன்னொண்ணு பல பேருக்குத் தெரியாது, நியூயார்க் பக்கம் இருக்கற யூதக் கல்லறைகள்ல ஒரே ஊர்க்காரங்க சங்கம் வச்சு சேர்ந்து இடம் வாங்கியிருப்பாங்க, அந்தப் பகுதியோட கேட்டுலயே ஊர்ப் பேரு இருக்கும். என் தோழிக்கு லுப்ளின்னு தெரிஞ்சது கப்பல் லிஸ்ட்ல இருந்துதான், அதுவும் எழுத்து தப்பா, நாங்க பத்து தடவை உத்துப் பார்த்துதான் பிடிச்சோம்.

எழுத்துக்கூட்டு மாறுறதுக்கு ஒரு வழி இருக்கு. டைட்ச் மொகோடாஃப் சவுண்டெக்ஸ்னு உச்சரிப்பை வச்சுத் தேடற முறை, கிழக்கு ஐரோப்பிய யூதப் பேருங்களுக்காகவே 1985ல உருவாக்கினது. ஜெவிஷ்ஜென்னு யூத வம்சாவளி தேடற தளத்துல தேடும்போது அதைத் தேர்ந்தெடுங்க.

ஊர் கிடைச்சதும் அது எந்த சாம்ராஜ்யத்துல இருந்ததுன்னு பாருங்க, அதை வச்சுத்தான் எங்க தேடணும்ங்கறதே. இதுக்குன்னு யூதப் பதிவேடுகளைத் தேடித் தர்ற ஆன்லைன் அமைப்புகள் இருக்கு: ரஷ்யப் போலந்துன்னா ஜே.ஆர்.ஐ போலந்து, லிதுவேனியான்னா லிட்வாக் சிக், கலீசியான்னா (லிவிவ் பக்கம், ஆஸ்திரியா ஆட்சியில இருந்த பகுதி) கெஷர் கலீசியா. ரஷ்யப் போலந்துல 1826ல இருந்துதான் யூதங்களுக்குத் தனிப் பதிவேடு, அதுக்கு முன்னாடி கத்தோலிக்கர் பதிவோடயே கலந்து இருக்கும். 1868 வரைக்கும் போலிஷ் மொழி, அப்புறம் முதல் உலகப்போர் வரைக்கும் ரஷ்யன். கலீசியாவுல ஒரு குழப்பம் வரும், மத முறைப்படி மட்டும் கல்யாணம் பண்ணினவங்களை அரசாங்கம் தம்பதியா ஏத்துக்கலை, அதனால பிள்ளைங்களை அம்மாவோட குடும்பப் பேர்ல பதிஞ்சு "முறையில்லாப் பிறப்பு"ன்னு எழுதி வச்சிருப்பாங்க. அதைப் பார்த்துட்டு யாரும் மனசு ஒடஞ்சு போகாதீங்க, ஊரறியக் கல்யாணம் ஆனவங்கதான் அவங்க.

போலந்துல பிறப்புப் பதிவு 100 வருஷம், கல்யாணம் இறப்பு 80 வருஷம் உள்ளூர் பதிவு ஆபீஸ்லயே இருக்கும், அதுக்கப்புறம்தான் அரசு ஆவணக் காப்பகத்துக்குப் போகும். காப்பகத்துல ஸ்கேன் பண்ணினது நிறைய இலவசமாவே ஆன்லைன்ல பார்க்கலாம். இண்டெக்ஸ்ல பேரைப் பார்த்ததோட நிறுத்திடாதீங்க, அசல் பக்கத்தைத் திறங்க. நாங்க திறந்த பக்கத்துல ரஷ்யன்ல ஒரு நீளமான பத்தி, அப்பா இன்னார், வயசு 34, தொழில் தையல், ரெண்டு சாட்சி முன்னாடி பிள்ளையைக் காட்டி பேரு சொன்னாருன்னு. கீழ அவரோட கையெழுத்து, ரஷ்யன்ல இல்ல, எபிரேய எழுத்துல, வலதுல இருந்து இடதா, கடைசி எழுத்துல மை கொஞ்சம் பரவியிருந்தது. என் தோழி ரொம்ப நேரம் ஸ்கிரீனை விட்டு கண்ணை எடுக்கவே இல்ல.

இனி ரெண்டாம் உலகப்போர்க் காலம், நாஜிக்கள் யூதங்களைக் கொன்னு குவிச்ச காலம். முதல் இடம் ஜெருசலேம்ல இருக்கற யாட் வாஷெம், அந்தப் படுகொலைக்கான நினைவகம். அங்க 1950கள்ல இருந்து சாட்சிப் பக்கங்கள்னு சேர்த்துட்டு வர்றாங்க, கொல்லப்பட்ட ஒருத்தரைப் பத்தித் தெரிஞ்சவங்க நிரப்பிக் குடுத்த படிவம். இதுல இறந்தவங்க விவரத்தை மட்டும் பார்த்துட்டு மூடிடாதீங்க, அடியில யாரு குடுத்தாங்க, என்ன உறவு, எந்த ஊருன்னு இருக்கும் பாருங்க, அதுதான் உயிரோட இருக்கற சொந்தத்துக்குப் போற வழி. அடுத்தது ஜெர்மனியில பாட் ஆரோல்சன் ஊர்ல இருக்கற ஆரோல்சன் ஆர்கைவ்ஸ், முகாம் கார்டு, கட்டாய வேலை, போருக்கப்புறம் அகதி முகாம்ல இருந்தவங்க விவரம்னு சுமார் 1 கோடியே 75 லட்சம் பேரைப் பத்தின ஆவணம் இருக்கு, பெரும்பகுதி ஆன்லைன்ல இலவசம்.

ஆனா ஒண்ணு தெளிவா புரிஞ்சுக்கோங்க. பேரு கிடைக்கலன்னா தப்பிச்சுட்டாங்கன்னு அர்த்தம் இல்ல. பெல்செக், சோபிபோர், ட்ரெப்ளிங்கா மாதிரி இடத்துக்கு ரயில்ல கொண்டு போனவங்களை யாரும் பேரு எழுதி உள்ள விடல, இறக்கின கையோட கொன்னாங்க. கிழக்குல லட்சக்கணக்கான பேரை அவங்க ஊர் ஓரத்துக் காட்டுலயும் பள்ளத்துலயும் வச்சு சுட்டாங்க, கீவ் பாபின் யார் பள்ளத்தாக்குல 1941 செப்டம்பர் 29, 30 ரெண்டே நாள்ல 33,771 பேரு. இந்த மாதிரி இடங்களுக்கு சோவியத் விசாரணைக் கமிஷன் எடுத்த வாக்குமூலங்களும், 2004ல பாதிரியார் பாட்ரிக் தேபுவா தொடங்கின யஹத் இன் யூனும் அமைப்பு ஊர்ப் பெரியவங்ககிட்ட எடுத்த பேட்டிகளும் பாருங்க.

யிஸ்கோர் புத்தகங்களைக் கட்டாயம் படிங்க, போருக்கப்புறம் மிஞ்சின ஊர்க்காரங்க சேர்ந்து தங்களோட ஊரைப் பத்தி எழுதினது. தேதி தப்பா இருக்கலாம், எல்லாம் ஞாபகத்துல இருந்து எழுதினது. ஆனா கையால வரைஞ்ச தெரு மேப், எந்தத் திருப்பத்துல ரொட்டிக் கடை, யாரு திண்ணைக் கதை சொல்றவருன்னு வேற எந்த ஆவணத்துலயும் கிடைக்காதது அதுல இருக்கும். எப்படிச் செத்தாங்கன்னு மட்டும் தேடாம எப்படி வாழ்ந்தாங்கன்னும் தேடுங்க, எனக்கு இது ரொம்ப முக்கியமாப் படுது.

நேர்ல போறவங்க சனிக்கிழமை கல்லறைக்குப் போகாதீங்க, அன்னைக்கு சபாத், அவங்களோட ஓய்வு நாள். ஆம்பளைங்க தலையை மூடிக்கணும், பூவுக்குப் பதிலா சின்னக் கல்லு வைப்பாங்க. கல்வெட்டைப் படிக்கப் பயப்பட வேண்டாம். ரெண்டு கை விரிச்ச சின்னம்னா கோஹன் வம்சம் (பழைய ஆலயப் பூசாரி வழி), ஜாடின்னா லேவி (அவங்களுக்கு உதவியா இருந்த வழி), மெழுகுவர்த்தின்னா பெரும்பாலும் பெண், முறிஞ்ச மரம்னா இளவயசுச் சாவு. இறந்தவர் பேருக்கு அடுத்து அப்பா பேரு இருக்கும், ஒரே கல்லுல ஒரு தலைமுறை பின்னாடி போயிடலாம். யூத வருஷம் எபிரேய எழுத்துல இருக்கும், ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரு எண், தாவ் 400, ரேஷ் 200, பே 80, கிமெல் 3, கூட்டினா 683, அதோட 1240 சேர்த்தா 1923. செப்டம்பர், அக்டோபர்ல அவங்க புது வருஷம் பிறக்கறதால அதுக்கப்புறம் டிசம்பர் வரைக்கும் உள்ள தேதின்னா 1239 சேர்க்கணும். மேல தூசி இருந்தா தண்ணியும் மெத்துனு பிரஷும் போதும், ஷேவிங் கிரீம், சாக்பீஸ் எதுவும் தடவாதீங்க, கல்லு கெட்டுடும்.

பழைய வீடுகள்ல வாசல் நிலையோட வலது பக்கம் பாருங்க, மெசுசா (வேத வசனம் எழுதின சுருளை வாசல்ல வைக்கறது) வச்சிருந்த சாய்ஞ்ச பள்ளம் பெயிண்டுக்கு அடியில இன்னும் தெரியும். அதைப் பார்த்ததும் கதவைத் தட்டி "இது எங்க வீடு"ன்னு மட்டும் தொடங்காதீங்க, சொத்து கேட்டு வந்திருக்காங்கன்னு அவங்க பயந்துடுவாங்க. உள்ளூர் மொழி தெரிஞ்ச ஆளைக் கூட்டிட்டுப் போய் பாட்டி போட்டோவைக் காட்டிப் பேசுங்க. உக்ரைன் பக்கம் 2022 போருக்கப்புறம் நேர்ல போறது ஆபத்து, ஆன்லைன்லயே தேடுங்க.

லுப்ளின்ல எங்களுக்கு வீடு கிடைக்கல. கோட்டை அடியில இருந்த யூதத் தெருக்களையே ஜெர்மன்காரங்க இடிச்சுட்டாங்க, கொள்ளுப்பாட்டியோட அக்கா இருந்த விலாசத்துல இப்ப வெறும் வெட்டவெளிதான். ஆனா க்ரோட்ஸ்கா வாசல்னு ஒரு பழைய கோட்டை வாசல், அதுக்குள்ள இருக்கற அமைப்புல போருக்கு முன்னாடி இருந்த யூதங்க 43,000 பேருக்கும் ஆளுக்கொரு ஃபைல் வச்சிருக்காங்க, யூதங்களா இல்லாத உள்ளூர்க்காரங்க பண்ற வேலை. நிறைய ஃபைல் காலி. போறவங்க பதிவு காப்பி, போட்டோ, குடும்ப மரம் ஒரு செட் எடுத்துட்டுப் போங்க. நாங்களும் அந்த எபிரேயக் கையெழுத்து இருந்த பக்கத்தோட பிரிண்டையும் அக்காவோட ஒரே போட்டோவையும் அங்க குடுத்துட்டு வந்தோம், போட்டோ பின்பக்கம் போலிஷ்ல பேரும் பிறந்த வருஷமும் என் தோழி கையாலயே எழுதினா.