மருத்துவக் கல்லூரியில் அசிஸ்டென்ட் புரொபசராக இருக்கும்போதே தலைமைப் பொறுப்புக்குத் தயாராவது எப்படி?

ஓபி, ரவுண்ட்ஸ், பிஜி தீசிஸ், நைட் டூட்டி என்று ஓடும்போது கெரியரைப் பற்றி யோசிக்க நேரம் எங்கே என்று மதுரைப் பக்கத்துக் கல்லூரிகளில் வேலை பார்க்கும் இளம் டாக்டர்கள் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் சீனியாரிட்டி வந்தால் எச்ஓடி (துறைத் தலைவர்) நாற்காலி கிடைத்துவிடும், துறையை நடத்தத் தெரிவது அதோடு சேர்ந்து வராது, அதை இப்போதே பழக வேண்டும்.

முதலில் காகித வேலை. என்எம்சியின் (தேசிய மருத்துவ ஆணையம்) 2022 விதிப்படி அசோசியேட் புரொபசர் ஆக நான்கு வருட அனுபவம், இரண்டு ஆய்வுக் கட்டுரைகள், பிசிபிஆர் என்ற மருத்துவ ஆய்வு அடிப்படைப் படிப்பு, மருத்துவக் கல்வி அடிப்படைப் பயிற்சி எல்லாம் வேண்டியிருந்தது. கட்டுரையில் உங்கள் பெயர் முதல் மூன்றுக்குள் இருக்க வேண்டும், அல்லது நீங்கள் கரஸ்பாண்டிங் ஆத்தராக (இதழோடு தொடர்பில் இருக்கும் ஆசிரியர்) இருக்க வேண்டும் என்று அதில் இருந்தது. தனி கேஸ் ரிப்போர்ட் (ஒரே நோயாளியைப் பற்றிய கட்டுரை) கணக்கில் வரவில்லை. 2025-ல் புது விதிகள் வந்துவிட்டன, விதிகள் அடிக்கடி மாறும், அதனால் யாரோ சொன்னதை நம்பாமல் கெஜட்டையே படியுங்கள். பிசிபிஆர் ஆன்லைன் படிப்புதான், ஐசிஎம்ஆரின் (இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சில்) கீழ் சென்னையில் உள்ள தேசிய தொற்றுநோயியல் நிறுவனமான என்ஐஇ நடத்துகிறது. சேர்ந்த முதல் வருடமே முடித்துவிடுங்கள்.

அப்புறம் கமிட்டி. எதற்குக் கூப்பிட்டாலும் தலையாட்டாதீர்கள், ஒன்றை எடுத்து உருப்படியாகச் செய்யுங்கள். என்னைக் கேட்டால் தொற்றுக் கட்டுப்பாட்டுக் கமிட்டியைச் சொல்வேன், ஏனென்றால் மைக்ரோபயாலஜி, நர்சிங் சூப்பரின்டென்டென்ட், துப்புரவு சூப்பர்வைசர், ஸ்டோர்ஸ், டீன் ஆபீஸ் என்று எல்லோரிடமும் பேசியே ஆக வேண்டும். ஐசியு கட்டில் பக்கத்தில் ஹேண்ட் ரப் பாட்டில் காலியாக இருக்கிறது என்று வையுங்கள். ஸ்டாஃப் நர்ஸைத் திட்டிவிட்டுப் போவது சுலபம். அதை விட்டுவிட்டு, இன்டென்ட் (பொருள் கேட்கும் சீட்டு) யார் எழுதினார், எந்தக் கிழமை ஸ்டோர்ஸுக்குப் போனது, யார் கையெழுத்துக்காக எந்த மேஜையில் கிடக்கிறது என்று அந்த ஒரு தாளின் பின்னாலேயே நடந்து பாருங்கள். ஆஸ்பத்திரி எப்படி ஓடுகிறது என்பது ஒரே வாரத்தில் புரிந்துவிடும், எந்த மேனேஜ்மென்ட் வகுப்பிலும் இது கிடைக்காது. மீட்டிங் முடிந்த அன்று சாயங்காலமே மினிட்ஸ் அனுப்புங்கள்: என்ன வேலை, யார் பொறுப்பு, எந்தத் தேதிக்குள். இவ்வளவு போதும்.

இதற்கு உதாரணம் நம் ஊரிலேயே இருக்கிறது. டாக்டர் வெங்கடசாமி 1976-ல், அரசுப் பணியில் ஓய்வு பெற்ற பிறகு, 11 படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார் என்பது எல்லோருக்கும் தெரியும். அதற்கு முன் மதுரை மருத்துவக் கல்லூரியில் கண் துறைத் தலைவராக இருந்தபோதே ஊர் ஊராகக் கண் சிகிச்சை முகாம் நடத்தியவர் அவர். ஆட்களைச் சேர்ப்பது, வேலையைப் பிரித்துக் கொடுப்பது எல்லாம் அங்கே பழகியதுதான் என்று நான் நம்புகிறேன். மதுரையில் இருக்கும் லைகோ, அரவிந்தின் நிர்வாகப் பயிற்சி நிறுவனம். கண் டாக்டராக இருந்தால் அவர்கள் பயிற்சிகளைக் கட்டாயம் பாருங்கள். கற்பித்தலில் ஆர்வம் உள்ளவர்களுக்குக் கோவை பிஎஸ்ஜி மருத்துவக் கல்லூரியின் ஃபெய்மர் ஃபெல்லோஷிப் (மருத்துவ ஆசிரியர்களுக்கான பயிற்சி) இருக்கிறது. உங்கள் கல்லூரியிலேயே ஒரு ப்ராஜெக்ட் செய்ய வேண்டும் என்பதால் சான்றிதழோடு செய்து முடித்த ஒரு வேலையும் மிஞ்சும்.

கடைசியாக, ஆலோசனை சொல்ல ஒரு ஆள். உங்கள் யூனிட் சீஃப் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் அவரிடம் எல்லாவற்றையும் பேச முடியாது, உங்கள் லீவுக்குக் கையெழுத்துப் போடுபவர் அவர்தானே. அதனால் வேறு துறையில் இருக்கும் சீனியர் ஒருவரைப் பிடியுங்கள். "சார், எனக்கு வழிகாட்டுங்க" என்று மொட்டையாகக் கேட்டால் அவருக்கும் என்ன சொல்வதென்று தெரியாது. ஒரே பக்கத்தில் மூன்று விஷயங்களை எழுதிக்கொண்டு போங்கள்: இதுவரை செய்தது, இரண்டு வருடத்தில் செய்ய நினைப்பது, எதை விட்டுவிடலாம் என்று யோசிப்பது. மூன்றாவதைத்தான் அதிக நேரம் பேசுங்கள். ஓபி முடிந்த மத்தியான நேரம் இதற்கு நல்லது. ஆறு மாதம் கழித்துத் திரும்பப் போகும்போது எது நடந்தது, எது நடக்கவில்லை என்று அதே தாளில் குறித்து எடுத்துப் போங்கள்.